முட்டுக் கொடுத்த இரும்பு

வாளிக்குள் கையை விட்டு அந்த இரும்பை அவள் வெளியே எடுத்தபோது, வினிகர் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. நேற்றுக் காலையிலிருந்து ஊறியதில் துரு கூழாகிப் பழுப்பாக வழிந்தது. இரும்பைச் சாக்கின் மேல் வைத்தாள். கம்பி பிரஷ்ஷை எடுத்து, அதன் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு தேய்க்க ஆரம்பித்தாள்.

உள்ளே அப்பாவின் மூச்சு கேட்டது. ஈர மரத்துக்குள் மழுங்கின ரம்பம் போகிற மாதிரி, கொஞ்ச தூரம் போய், நின்று, மறுபடி கிளம்பும். அது நின்ற போதெல்லாம் அவள் பிரஷ்ஷும் நின்றது. அது கிளம்பியதும் இதுவும் கிளம்பியது.

"நல்லா இருக்குடி உன் நியாயம்." அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுத் தையல்காரம்மா பின்வாசலில் வந்து நின்றாள். "அங்க ஒரு உசுரு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நீ இங்க இரும்பைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்க."

"அவருக்காகத்தான் தேய்க்கிறேன்."

"ஆமா, போற வழியில மரம் வெட்டப் போறாரு பாரு."

சொன்னவளுக்கே தான் சொன்னது பிடிக்கவில்லை. ஊசி குத்தின விரலைச் சப்புகிறவள்போல உதட்டை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பி நாலு நாளாகிறது. "வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க" என்று டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் வயதை அவள் தாண்டிவிட்டாள். நாற்பத்தொன்பது. முதல் நாள் முழுக்க அப்பா வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஆரம்பித்தார். "ஆப்பு நல்லாத்தானே அடிச்சேன்." கண்ணை மூடியபடியே, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "நல்லாத்தானே அடிச்சேன். இழுத்துப் பாத்தேனே." விடிந்தால் அதே பேச்சு, பொழுது சாய்ந்தாலும் அதே பேச்சு.

வீட்டின் நடுச்சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தம்ளர் அதிரும். அந்தப் பக்கம் சித்தப்பாவின் மனைவி, சித்தி இருந்தாள். மூன்று நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அந்தக் காலத்தில் அப்பாவும் சித்தப்பாவும் மரம் வெட்டுகிற வேலை பார்த்தார்கள். ஒரே கொல்லரிடம், ஒரே நாளில், ஒரே அளவில் இரண்டு கோடரிகள் அடித்து வாங்கினார்கள். எது யாருடையதென்று தெரிய, அண்ணனின் கோடரித் தலையில் கொல்லர் ஒரு புள்ளி குத்தினார், தம்பியுடையதில் இரண்டு. பெரிய மரமாக இருந்தால் இருவரும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். மதியம் சாப்பிட்டு எழுந்து, ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்த கோடரிகளை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். நாலைந்து வெட்டு விழுந்திருக்கும். அப்பா ஓங்கி வீசியபோது அவர் கையில் காம்பு மட்டும் இருந்தது. கழன்று பறந்த தலை, எதிரே நின்ற தம்பியின் மார்பில் இறங்கியது. சித்தப்பாவுக்கு இருபத்து நாலு வயது. கல்யாணமாகி மூன்று மாதம்.

விபத்து என்று எழுதி மூடினார்கள். மிச்சமிருந்த கோடரியை, அதில் எத்தனை புள்ளி என்று பார்க்க யாருக்கும் தோன்றுவதற்குள், விசாரணைக்கென்று எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரவே இல்லை. பறந்த தலை அந்தக் களேபரத்தில் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மரம் வெட்டுகிறவர்களில், காம்பிலிருந்து தலை கழலாமலிருக்க அவனவன் கோடரிக்கு அவனவன்தான் ஆப்பு அடிப்பான். இன்னொருவனை அடிக்க விடமாட்டான். அதனால் அப்பாவுக்கு இருந்தது ஒரே கேள்விதான். சாப்பிட்டு எழுந்து அவர் எடுத்தது யார் கோடரி? தம்பியுடையதாக இருந்தால் அது அவர் குற்றமில்லை. தன்னுடையதாக இருந்தால், தான் அடித்த ஆப்புதான் தம்பியை வாங்கிக்கொண்டது. அப்பாவுக்கு அது தெரியவில்லை. ஜனங்களுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அவர் பேரை விட்டுவிட்டு 'ஆப்புக்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் எதனால் வந்த பேர் என்று தெரியாத சின்னப்பிள்ளைகளும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அப்பா கோடரியைத் தொடவில்லை. மர மில்லில் பலகை சுமந்தார். பிடி வைத்த எதை எடுத்தாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். சுத்தியலாக இருந்தாலும் சரி, விளக்குமாறாக இருந்தாலும் சரி. அவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை, ஆடிக்கொண்டிருந்த சுத்தியலைக் கெட்டியாக்க, அவள் அதைத் தண்ணீர் வாளியில் தலைகீழாக ஊறப் போட்டாள். அப்பா அவள்மேல் கை ஓங்கியது அன்று ஒருநாள்தான். "ஊறினா மரம் உப்பிக்கிட்டு கெட்டியா நிக்கும். காஞ்சதும் முன்னவிட இளைச்சுப் போகும். அதை நம்பி ஓங்குறவன் கதி என்ன?" என்று கத்தினார். ஓங்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

சித்தி வேறெங்கும் போகவில்லை. போக இடமும் இல்லை. அப்பா வீட்டின் நடுவில் சுவர் வைத்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அவள் விடுதிகளுக்குத் துணி துவைத்துப் பிழைத்தாள். அம்மா இருந்தவரை அம்மாவோடு பேசினாள், இவளோடும் பேசுவாள். அப்பாவோடு மட்டும் நாற்பது வருடத்தில் ஒரு சொல் கிடையாது. அவர் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. புருஷனைக் கொன்ற கையை எந்தப் பெண் ஏறிட்டுப் பார்ப்பாள்? மில்லில் கழித்துப் போட்ட துண்டுக் கட்டைகளை அப்பா வாரம் தவறாமல் அவள் அடுப்புக்காகச் சுவரோரம் அடுக்கி வைப்பார். அவர் போனபிறகு அவள் எடுத்துக்கொள்வாள்.

நேற்றுக் காலை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்கட்டில் சித்தியின் துவைகல் நகருகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மண் அப்பிய ஒரு கட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"தேச்சுப் பாரு."

"என்ன சித்தி இது?"

"அன்னிக்கு உங்க சித்தப்பாவைத் தூக்கிட்டு வந்தவங்கள்ல ஒருத்தன், இதையும் துண்டுல சுத்தி எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான்." சித்தி அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "கல்லு ஆடாம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருந்தேன்."

"நாப்பது வருஷமாவா?"

 "சீக்கிரம் பாரு. அவரு இருக்கும்போதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதிலிருந்து துவைகல் ஆடியது. சித்தி துணியை அடிக்கும்போதெல்லாம் டக், டக் என்று தட்டியது.

அந்தக் கட்டியை அவள் நேரே மில்லுக்குக் கொண்டுபோய் 'பல் டாக்டர்' என்பவரிடம் காட்டினாள். மில்லில் ரம்பப் பற்களுக்கு அரம் போட்டுத் தீட்டுகிறவருக்கு அங்கே அதுதான் பேர். அவர் கையில் வாங்கி எடை பார்த்தார், முகர்ந்தார். "மிஷின்ல வைக்காத. சாணைக் கல்லுல பிடிச்சா துருவோட சேந்து கொல்லன் வச்ச புள்ளியும் போயிடும். துளைக்குள்ள கட்டை முறிஞ்சு நிக்குது பாரு, அது சுலபமா போகட்டும்னு நெருப்புலயும் போடாத. எஃகும் செத்துப்போகும், உள்ள இருக்கிற ஆப்பும் சாம்பலாயிடும். வினிகர்ல போடு. பொறுமையா தேய். நாளைக்கு மத்தியானம் வர்றேன்."

இன்று, மில்லில் மத்தியானச் சங்கு ஊதின கையோடு வந்துவிட்டார். ஒரு கால் ஒடிந்த கண்ணாடியை நூலால் காதில் மாட்டியிருந்தார்.

"என்ன தங்கச்சி, பல் தேச்சு முடிஞ்சுதா?"

"வாங்கண்ணே."

"பெரியவர் எப்படி?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாக்கின் முன் குந்தினார். மண்ணெண்ணெய்த் துணியால் இரும்பைத் துடைத்தார். துருவுக்கு அடியிலிருந்து கருஞ்சாம்பல் நிறத்தில் கோடரி வந்திருந்தது. வெட்டுகிற வாய்ப்பக்கம் மட்டும் நிறம் மாறி, ஒரு வளைந்த கோடு ஓடியது.

"வாய்க்கு எஃகு வச்சு ஒட்டி அடிச்சிருக்கான். இந்தக் காலத்துல எவன் செய்யிறான் இதை!" என்றவர், இரும்பைத் திருப்பிப் பின்தலையை வெயிலுக்குக் காட்டினார். அங்கே அம்மைத் தழும்பு மாதிரி பத்துப் பதினைந்து குழிகள் இருந்தன.

"இதுல எது அண்ணே புள்ளி?"

"துருவும் குழி போடும், கொல்லனும் குழி போடுவான். துரு தின்ன குழிக்கு ஓரம் பிஞ்சிருக்கும். கொல்லன் குத்தினது உருண்டையா, அடி வழுவழுன்னு இருக்கும்." மெல்லிய ஆணியால் ஒவ்வொரு குழியாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஆணி நின்று சுற்றியது. "இந்தா. ஒண்ணு."

 ஒன்று. அப்படியென்றால் அப்பாவுடையது. நாற்பது வருடமாக எல்லோரும் சொன்னது சரி. இதை எப்படி உள்ளே போய்ச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது?

பல் டாக்டர் இன்னும் விடவில்லை. மறுபடி துடைத்தார். கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி மாதிரி இரும்பின் மேலேயே பிடித்துப் பார்த்தார்.

"இரு, இரு. அவசரப்படாத. பக்கத்துலயே இன்னொண்ணு. மண்ணு அடைச்சுக்கிட்டு இருக்கு." ஆணி முனையில் கறுப்பாக எதுவோ வந்தது. "ரெண்டு. தங்கச்சி, ரெண்டு புள்ளி!"

கையைக்கூடத் துடைக்காமல் அவள் உள்ளே ஓடினாள்.

"அப்பா, ரெண்டு புள்ளிப்பா. நீ எடுத்தது சித்தப்பா கோடாலி. உன்னோடது இல்ல. கேக்குதா? நீ அடிச்ச ஆப்பு இல்லப்பா."

அப்பா கண்ணைத் திறந்தார். மில்லில் ஒரு நடை பலகை இறக்கியதும் தோள் தானாக மேலெழும்புமே, அப்படி ஏதாவது நடக்குமென்று அவள் எதிர்பார்த்தாள். நடக்கவில்லை. அவர் நெற்றி சுருங்கியது.

"தம்பியோடதா?"

"ஆமாப்பா."

"அவன் ஆப்பு கழலாதே." மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னைவிட நல்லா அடிப்பான் அவன்."

"என்னமோப்பா. உன்னோடது இல்ல, அவ்வளவுதான்."

"செத்தவன் மேல போடாத பாப்பா." கை போர்வையைத் தேடியது. "துளைக்குள்ள பாரு. என்ன ஆப்புன்னு பாரு."

பக்கத்தில் தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் திரும்பி வந்து அப்பா சொன்னதைச் சொன்னாள். பல் டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டு கட்டைகளின் மேல் இரும்பைக் கவிழ்த்து வைத்தார். ஒரு தட்டை உளியைத் துளையின் மேல் நிறுத்திச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். முறிந்து நின்ற காம்பு, ஊறின கரியைப் போல் உதிர்ந்து விழுந்தது. பின்கட்டின் அந்தக் கோடியில் சித்தி துணியை அடித்துக்கொண்டிருந்தாள். டக், டக்.

கடைசித் தட்டில் ஒரு துண்டு முழுதாக வந்து சாக்கில் விழுந்தது. பல் டாக்டர் அதைக் கட்டைவிரலால் துடைத்தார். கறுப்புக்குள்ளிருந்து சிவப்பு வந்தது. நேற்று கடையில் வாங்கியது போலப் பளிச்சென்ற சிவப்பு. மண்ணும் துருவும் மரத்தைத் தின்றிருந்தன. அதை ஒன்றும் செய்யவில்லை.

"பல்லு!" என்றார் அவர். "என் தொழில் என்னை விடாது போல. சீப்பும்மா இது. பிளாஸ்டிக் சீப்பு, பாதி. பல்லையெல்லாம் ஒடிச்சுட்டு உள்ள செருகி இருக்கு." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தொழில் தெரிந்தவனுக்கு, தொழில் கெட்டதைப் பார்த்தால் வருகிற கோபம். குரல் உயர்ந்தது. "எந்தக் கிறுக்குப் பயல் இதை வச்சு அடிச்சான்? வழுக்குமே! ஆப்பா இது? தலையைப் பிடிச்சு வைக்காது, வழியனுப்பித்தான் வைக்கும். இதுக்கு வெறும் கையால ஒரு ஆளைக் கொன்னிருக்கலாம்."

டக் சத்தம் நின்றிருந்தது.

அவள் அந்தச் சிவப்புத் துண்டைக் கையில் வாங்கினாள். அதன் இன்னொரு பாதி அவளுக்குத் தெரியும். சித்தி கல்யாணமாகி வந்த அடுத்த வாரம் அப்பா சந்தையிலிருந்து இரண்டு சீப்பு வாங்கி வந்தார். மஞ்சள் இவளுக்கு, சிவப்பு தம்பி பெண்டாட்டிக்கு. சித்தப்பாவின் கடைசிக் காலையில், ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்ன அவள் சித்தியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தி கையில் பாதிச் சீப்புதான் இருந்தது.

"மிச்சம் பாதி எங்க சித்தி?"

"உங்க சித்தப்பாகூட வேலைக்குப் போயிருக்கு."

சொல்லிவிட்டுச் சித்தி சிரித்தாள். பத்தொன்பது வயதுச் சிரிப்பு.

அதற்கு முன்னால், அதிகாலையில், குளிக்கிற இடத்தில் கோடரி வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றதையும் அவள் பார்த்திருந்தாள். கோடாலி ஏன் குளிக்குது என்று கேட்டதற்குச் சித்தி உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாத, சித்தப்பா தூங்குறாரு. ஆடுதுன்னு நேத்து சொல்லிட்டுப் படுத்தாரு. எழுந்து பாத்தா கெட்டியா இருக்கும். யாரு பண்ணதுன்னு முழிக்கட்டும். நீ சொல்லாத."

அவள் சொல்லவில்லை. கெட்டியாக இருந்த கோடரியை எடுத்துக்கொண்டு சித்தப்பா போனார். மதிய வெயிலில் அது காய்ந்தது. அன்று இரவு வீடு நிறைய ஆட்கள் அழுதபோது, கோடரி குளித்ததைச் சொல்ல வேண்டும் என்று ஒன்பது வயதுக்குத் தோன்றவில்லை. பிறகு மறந்தும்போனது.

கையில் சீப்போடு அவள் எழுந்தாள். அவள் கால் தானாகச் சித்தியின் பக்கம் நடந்தது. இதை அந்த முகத்தில் விட்டெறிய வேண்டும். நாற்பது வருடம் அந்த மனுஷனை ஆப்புக்காரன், ஆப்புக்காரன் என்று ஜனம் சொல்லக் கேட்டுக்கொண்டு, கல்லுக்கடியில் இதைப் புதைத்து வைத்து அதன்மேல் துணி துவைத்தாயே என்று கேட்க வேண்டும்.

சித்தி கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஓடவில்லை, உள்ளே போகவில்லை. அடி விழப்போகிறது என்று தெரிந்து நிற்கிற மாதிரி, அதற்காகவே வந்து நிற்கிற மாதிரி நின்றாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன.

அவள் பாதியிலேயே நின்றாள்.

மில்லில் சங்கு ஊதியது. பல் டாக்டர் அவளைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், சாக்கில் கிடந்த கரித்தூளைப் பார்த்தார்.  உளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "இரும்பை ஈரமா விட்டுடாத. எண்ணெய் தடவிடு. இல்லேன்னா நாளைக்கே மறுபடி பூத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உள்ளே போய்த் தையல்காரம்மாவைப் பால் காய்ச்ச அனுப்பினாள். அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாத்தியா?" என்றார் அவர்.

 அவர் உள்ளங்கையை விரித்து அந்தத் துண்டை வைத்தாள். பலகை சுமந்து காய்த்துப்போன கட்டைவிரல், ஒடிந்த பல் முனைகளின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. திரும்பி வந்தது. கையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். சிவப்பைப் பார்த்தார்.

துண்டைத் திருப்பி, வழுவழுப்பான முதுகை விரலால் வழித்தார்.

"மத்தியானம் வரைக்கும் கெட்டியா நின்னுச்சே. தண்ணியிலயும் வச்சாளா?"

"ம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேன்ப்பா. அப்ப தெரியல."

அவர் தலையை ஆட்டினார். கோபம் வருகிறதா என்று அவள் அந்த முகத்தில் தேடினாள். கோபப்பட அங்கே இடமில்லை, தோல்தான் இருந்தது.

"மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு," என்றார். "கெட்டியா இருக்கட்டும்னு வச்சிருக்கு அந்தப் பொண்ணு." கொஞ்சம் இளைப்பாறினார். "இதை நாம பாக்கல பாப்பா."

"அப்பா..."

"கேட்டா ஒத்தைப் புள்ளின்னு சொல்லு."

"என்னப்பா பேசற நீ? நாப்பது வருஷம்! உனக்கு ஒரு..."

"நான் போறவன்தானே."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. காய்ச்சி வந்த பாலில் ஒரு வாய் உள்ளே போனது, ஒரு வாய் வெளியே வந்தது. மூன்று மணி சுமாருக்கு ரம்பம் ஈர மரத்தில் மாட்டிக்கொண்டது. அவள் காத்திருந்தாள். மறுபடி கிளம்பவில்லை.

தையல்காரம்மாதான் முதலில் அழுதாள். அழுதுகொண்டே கண்ணை மூடிவிட்டாள், போர்வையைச் சரிசெய்தாள், கையை நேராக நீட்டி வைத்தாள். வலது கை விரியவில்லை.

"கையில என்னவோ வச்சிருக்காருடி."

"ஒண்ணுமில்லக்கா."

"ஏதோ சிவப்பா..."

"விடுங்க. விரலைப் பிரிக்க வேண்டாம்."

பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். மில்லிலிருந்து நாற்காலி வந்தது. தெருமுனையில் யாரோ யாருக்கோ வழி சொல்வது உள்ளே கேட்டது: "ஆப்புக்காரர் வீடுதானே? நேரா போய் இடது பக்கம்." செய்தி எப்படியோ பரவியிருந்தது. மில்லின் பழைய மேஸ்திரி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து கேட்டார்.

"அந்தக் கோடாலித் தலை கிடைச்சுதாமே? தேச்சுப் பாத்தீங்களாமே? யாரோடதும்மா?"

பேச்சு அடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் சித்தி வந்தாள். சுவர் வைத்த பிறகு அவள் இந்தப் பக்கம் காலெடுத்து வைத்தது அப்போதுதான். யாரோ ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் அப்பாவின் கால்மாட்டில் வந்து நின்றாள். கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. மூடின வலது கையிலேயே நின்றது.

"ஒத்தைப் புள்ளி," என்றாள் மகள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "அப்பாவோடதுதான்."

மேஸ்திரி, தெரிந்ததுதானே என்பதுபோலப் பின்னால் சாய்ந்தார். ரெண்டு என்று காதாலேயே கேட்டிருந்த தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த பல் டாக்டர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். இரண்டாம் புள்ளியைத் தன் ஆணியாலேயே தோண்டி எடுத்தவர். அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணாடி நூலைக் காதில் சரிசெய்துகொண்டார்.

"ஆமா, ஒத்தைதான். நான்தானே பாத்தேன்."

"உள்ள?" என்று சித்தி கேட்டாள்.  "துளைக்குள்ள?"

"எல்லாம் துரு சித்தி. ஒண்ணும் தெரியல."

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அப்பாவின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி, தரையில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை வண்டி வந்து அவரைத் தூக்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. பாவம், இப்பவாவது மனசு இறங்குச்சே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வீடு பலகை இறக்கின லாரி மாதிரிக் கிடந்தது. அவள் கோடரித் தலைக்கு எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி, அப்பாவின் அலமாரிக்கு அடியில் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பின்கட்டில் சத்தம் கேட்டது. டக், டக்.

சித்தி அப்பாவின் போர்வையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கொடுக்கவில்லை, கொடியிலிருந்து தானே எடுத்திருக்கிறாள். ஒவ்வோர் அடிக்கும் கல் ஒரு பக்கம் சாய்ந்து தட்டியது.

அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு சுவரோரம் போனாள். அப்பா கடைசியாக அடுக்கி வைத்துவிட்டுப் போன துண்டுக்கட்டைகள் அங்கே தொடாமல் இருந்தன. அதிலிருந்து வைரம் பாய்ந்த ஒன்றைப் பார்த்து எடுத்து, அரிவாளால் ஒரு முனையைச் சரிவாகச் செதுக்கினாள். சுத்தியலை எடுத்து மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்.

"தூக்கு சித்தி."

சித்தி கல்லின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அடியில், கோடரித் தலை நாற்பது வருடம் கிடந்த இடம், அதே வடிவில் பள்ளமாகக் கிடந்தது. அவள் கட்டையை அதில் செருகி, கல்லை இறக்கச் சொல்லி, நாலு அடி அடித்தாள். கல்லில் கை வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"எப்பவும் ஈரத்துலயே இருக்கும், காயாது. கழலாது," என்றாள்.

சித்தி ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துக் கல்லின்மேல் ஊற்றினாள். அது ஓரத்தில் வழிந்து கட்டைக்குள் இறங்கியது. போர்வையைச் சுருட்டி எடுத்து, ஓங்கி அடித்தாள். துணியின் சத்தம் மட்டும் கேட்டது.